செல்லாத நோட்டு

கடன் ஏதும் உண்டா என்று கேட்டீர்கள், ஹஜ்ரத்.
உண்டு. எழுதுங்கள்:
பம்பளிமாஸ், பதினொன்று.

சிரிக்காதீர்கள். அங்கிருந்துதான் தொடங்குகிறது.
மர்த்தபானில் ரயிலை விட்டிறங்கும் கூட்டத்தை
மோல்மீன் கரை சேர்க்கும் லாஞ்சில்
வடம் வீசுகிறவன் நான். பத்தொன்பது வயது.
தொண்டி அபுசாலி என்றால் யாருக்கும் தெரியாது,
கயிற்றுக் கலா என்றால் துறை முழுக்கத் தெரியும்.

வீசிய வடம் ஒருநாள் கட்டையைத் தவறவிட்டு
ஒரு கூடையில் விழுந்தது.
அத்தனை பழமும் ஆற்றில். வற்றத்தின் இழுப்பு வேறு.
ஒன்றன்பின் ஒன்றாக அவை கடலுக்குப் போவதை
சாரங்கும் பார்த்தார், நானும் பார்த்தேன்,
கூடைக்காரி மட்டும் என்னைப் பார்த்தாள்.
"காசு" என்றாள்.
அந்த ஒரு சொல்தான் அப்போது அவளுக்குத் தமிழ்.

மா சேன். நிக்காஹ் பதிவேட்டில் ருகையா.
மாதம் அறுபது கியாட் வாங்குகிறவன்
சபை பார்க்கிறதே என்று
மஹர் முன்னூற்றைம்பது என்றேன். வாய்தான்.
பிறகு தருவதாக எழுதிக்கொண்டார்கள்.
பழக் கணக்கையும் சேர்த்தெழுதச் சொல்லி
திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.
எழுதவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்பது வருஷம் சேர்த்தேன்.
வடம் உள்ளங்கையைத் தின்னும்.
மழைக்காலத்தில் நனைந்த கயிறு
ஓர் ஆளின் கனம் இருக்கும்.
ராத்திரி என் கையை மடியில் வைத்துக்கொண்டு
தேங்காயெண்ணெய் தடவியபடி
பர்மியத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள்,
என்னிடமா, கையிடமா, தெரியாது.

ஐம்பது கியாட் நோட்டு ஏழு.
பிஸ்கட் டின்னில், மூத்தவளின் பால்பல்லோடு.
அடுத்த பெருநாளைக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன்.
அறுபத்துநாலு, மே மாதம். ரேடியோ சொன்னது:
ஐம்பதும் நூறும் இனிச் செல்லாது.
சவரம் பாதியில் நின்றது.
ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்துபோனது.

கடைகள் போயின. சாரங்கு போனார்.
அண்ணன் ஊரிலிருந்து எழுதினான்:
கப்பல் விடுகிறார்கள், முதலில் நீ வா,
அவர்களைப் பிறகு பார்க்கலாம்.
அவர்களை.
மறைப்பானேன், நான் பெட்டி கட்டினேன்.

அப்போதிருந்த ஹஜ்ரத் சொன்னார்,
மஹர் கடனோடு கடல் தாண்டாதே,
அவள் விட்டுக்கொடுத்தால் போ.

காய்ந்த இறாலை இடித்துக்கொண்டிருந்தாள்.
"விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்" என்றேன்.
உலக்கை நிற்கவில்லை.
"விடமாட்டேன்."
"சரி, போய் அனுப்புகிறேன்."
"பேசியது அந்த நோட்டில். அதிலேயே கொடு.
அது செல்லுகிற நாள்வரை இங்கேயே இரு."

தமிழில் சொன்னாள், ஹஜ்ரத். ஒரு பிழையில்லாமல்.
எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாளோ.

கப்பல் போயிற்று.
கட்டிய பெட்டியை அவள் அவிழ்க்கவில்லை,
அதன்மேல் அரிசிப் பானையைத் தூக்கி வைத்தாள்.

பெருநாளுக்குப் பெருநாள் புது நோட்டை நீட்டுவேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இது வேற" என்று திருப்பித் தருவாள்.
இப்படி நாற்பத்தோரு வருஷம்.
பாலம் திறந்தார்கள். லாஞ்சு நின்றது.
அந்த மழைக்குள் அவளும் போய்விட்டாள்.
ஜனாஸாவில் கேட்டார்கள்,
இவள் யாருக்காவது தரவேண்டியது உண்டா என்று.
இவளுக்கு யார் தரவேண்டும் என்று கேட்கவில்லை.
நான் இரண்டாம் வரிசையில் நின்றேன்.

பிள்ளைகளிடம் கொடுத்தால் தீரும் என்கிறீர்கள்.
முன்னூற்றைம்பதுக்கு இன்று
ஒரு பழத்தின் தோல்கூட வராது என்று
மூத்தவள் சிரிக்கிறாள்.
தீர்க்கவேண்டாம், ஹஜ்ரத். மஹரை எழுதாதீர்கள்.
மஹ்ஷரில், கடன் பட்டவனை
கொடுத்தவர் தேடி வருவாராமே?
அவ்வளவு பெரிய கூட்டத்தில்
நான் எங்கே போய் அவளைத் தேடுவேன்.
அவள் வரட்டும்.

பழத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.
பதினொன்று.
பன்னிரண்டு என்பாள். நம்பாதீர்கள்.